ரோட் ஐலண்டில் நர்சிங் படிப்பு: எந்தப் பள்ளியில் சேர்வது, இங்கே பெறும் உரிமம் வெளியே செல்லுமா?

கேள்வி: வாரிக்வாசி

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் சிறிய மாநிலமான ரோட் ஐலண்டின் வாரிக் நகரில் ஐந்து ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு நுண்ணுயிரியலில் இளநிலைப் பட்டம் பெற்றேன். அதன் பிறகு திருமணம், இடமாற்றம், இரண்டு குழந்தைகள் என்று காலம் ஓடிவிட்டது. சென்ற ஆண்டு எங்களுக்குக் கிரீன் கார்டு கிடைத்தது. இளையவளும் இப்போது முழு நேரமும் பள்ளிக்குச் செல்வதால், நெடுநாளாக மனத்தில் இருந்த நர்சிங் படிப்பைத் தொடங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். முடிவு செய்வது எளிதாக இருந்தது. எங்கே சேர்வது என்பதில்தான் மூன்று மாதங்களாகத் தூக்கம் கெடுகிறது.

என் முன்னே மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, சி.சி.ஆர்.ஐ. என்று எல்லோரும் சொல்லும் ரோட் ஐலண்ட் சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு அசோசியேட் பட்டம். கல்லூரி வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில்தான் இருக்கிறது. இரண்டாவது, ரோட் ஐலண்ட் கல்லூரியிலோ ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்திலோ பி.எஸ்.என். எனப்படும் நான்காண்டுப் பட்டம். மூன்றாவது, ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்களுக்காகப் பாஸ்டன் பக்கத்துத் தனியார் பல்கலைக்கழகங்கள் நடத்தும் விரைவுப் படிப்பு. ஒன்றரை ஆண்டுக்குள் முடிந்துவிடும் என்கிறார்கள், ஆனால் கட்டணத்தைப் பார்த்தவுடன் கணினியை மூடி வைத்துவிட்டேன்.

கணவரின் நிறுவனம் இரண்டு மூன்று ஆண்டுகளில் எங்களை மாசசூசெட்ஸுக்கோ வட கரோலினாவுக்கோ மாற்றக்கூடும். தெரிந்தவர் ஒருவர், "சின்ன மாநிலத்து லைசென்ஸ் வெளியே எடுபடாது, படிப்பதென்றால் பெரிய ஊரிலேயே படித்துவிடு" என்று உறுதியாகச் சொன்னார். அது உண்மைதானா? பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் எதை முதன்மையாகப் பார்க்க வேண்டும்?

இன்னொரு சிறிய கேள்வியும் உண்டு. என் நாத்தனார் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து மருத்துவமனையில் வேலை பார்க்கிறார். திருமணமாகி அடுத்த ஆண்டு, வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் இங்கே வரவிருக்கிறார். அவர் மீண்டும் முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்குமா?


பதில் 1: இரவுப்பணி

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் குறிப்பிட்ட முதல் வழியில் சென்று 2019ஆம் ஆண்டு ஆர்.என். எனப்படும் பதிவுபெற்ற செவிலியர் ஆனவள் நான். வேலை பார்த்துக்கொண்டே இணையவழியில் பி.எஸ்.என். முடித்தேன், இப்போது பிராவிடன்சில் ஒரு மருத்துவமனையில் இரவு ஷிப்ட். ஆகவே நான் சொல்வதில் அந்த வழியின் மீதுள்ள பாசமும் கலந்திருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

இந்த மாநிலத்தில் பள்ளிகள்தாம் வேறு வேறு, வார்டுகள் ஒன்றேதான். மிகத் தீவிரமான விபத்துக் காயங்களைக் கவனிக்கும் முதல்நிலை மையம் மாநிலத்துக்கே ஒன்றுதான், அது ரோட் ஐலண்ட் மருத்துவமனை. அதன் வளாகத்திலேயே குழந்தைகளுக்கான ஹாஸ்ப்ரோ மருத்துவமனை இருக்கிறது. பிரசவங்களில் பெரும்பாலானவை விமன் அண்ட் இன்ஃபன்ட்ஸ் மருத்துவமனையில் நடக்கின்றன. பாட்டக்கெட்டில் இருந்த மெமோரியல் மருத்துவமனை முதலில் 2016ல் மகப்பேற்றுப் பிரிவை மூடியது, 2018 ஜனவரியில் மருத்துவமனையே மூடப்பட்டது. அதாவது, எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் மகப்பேறு, குழந்தை நலம் ஆகிய இரண்டு கிளினிக்கல்களுக்கும் (வார்டில் நேரில் பெறும் பயிற்சிகளுக்கும்) எல்லோரும் ஏறக்குறைய அதே கதவுகளின் முன்னேதான் வரிசையில் நிற்க வேண்டும். பெரிய மாநிலங்களில் பள்ளியின் பெயரைப் பொறுத்து நீங்கள் பயிலும் மருத்துவமனையே மாறிப்போகும். இங்கே அந்த வேறுபாடு மிகக் குறைவு.

எனவே அறிமுகக் கூட்டத்துக்குச் செல்லும்போது கட்டடத்தையும் ஆய்வகத்தையும் பார்த்து மயங்கிவிடாமல், மகப்பேறு, குழந்தைகள், மனநலம் ஆகிய மூன்று கிளினிக்கல்களும் எந்த மருத்துவமனையில், வாரத்தின் எந்த நாளில், எத்தனை மணிக்கு நடக்கின்றன, ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். மாலை மூன்று முதல் இரவு பதினொன்று வரை கிளினிக்கல் போட்டால் குழந்தைகளை யார் பார்ப்பார்கள் என்பது, தர வரிசைப் பட்டியலில் பள்ளி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதைவிட உங்களுக்கு முக்கியமான கேள்வி. சில மணி நேரங்களைப் பொம்மை நோயாளிகளை வைத்து ஈடுசெய்வார்கள். அதைக் குறையாக நினைக்க வேண்டாம். நல்ல முறையில் நடத்தினால் கிளினிக்கல் நேரத்தில் பாதி வரையிலும் அப்படி ஈடுசெய்யலாம், தேர்ச்சியில் வேறுபாடு தெரியவில்லை என்று 2014ல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வு காட்டியது. ஆனாலும் பொம்மை உங்கள்மீது எரிந்து விழாது, "இன்னொருவரைக் கூப்பிடு" என்று சொல்லாது. அதை வார்டில்தான் கற்க முடியும்.

என் வார்டுக்குக் காலை 6.45 மணிக்கு மாணவர்கள் வருவார்கள். சென்ற மாதம் வந்த ஒரு பெண், நான் பொறுப்பை ஒப்படைத்துக்கொண்டிருந்தபோது நான் சொன்னதையெல்லாம் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டிருந்தாள், நோயாளியை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அந்தப் பெரியவர் மூச்சு வாங்குவதைத் தாளில் எழுதி முடித்த பிறகுதான் கவனித்தாள். பரவாயில்லை, எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறோம். அவள் எந்தப் பள்ளி மாணவி என்று எனக்கு இன்றுவரை தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. வேலைக்கு எடுக்கும்போதும் எங்கள் மேலாளர் மாணவர் எப்படி நடந்துகொண்டார் என்பதைத்தான் நினைவில் வைத்திருப்பார். மாநிலம் சிறியது என்பதால் கிளினிக்கலில் உங்களைப் பார்த்தவர் நேர்காணலிலும் உட்கார்ந்திருப்பார். அது உங்களுக்குச் சாதகமாகவும் அமையலாம், பாதகமாகவும் அமையலாம்.

அடுத்து, "இரண்டாண்டுப் படிப்பு" என்ற சொல்லை நம்பாதீர்கள். உடற்கூறியல் மற்றும் உடலியங்கியல் இரண்டு பருவங்கள், நுண்ணுயிரியல், உளவியல், ஆங்கிலம், கணிதம் எனத் தகுதிப் பாடங்கள் முன்னே நிற்கும். பிறகு இடம் கிடைக்கும் வரை காத்திருப்பு. அதன் பிறகுதான் அந்த இரண்டு ஆண்டுகள் தொடங்கும். எனக்கு எல்லாம் சேர்த்து மூன்றரை ஆண்டுகளுக்குமேல் ஆகிவிட்டது. உங்கள் 2011ஆம் ஆண்டு நுண்ணுயிரியல் பட்டம் இங்கே கைகொடுக்கும் என்று எண்ணியிருந்தால், முதலில் பள்ளியிடம் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். அறிவியல் பாடங்கள் சில ஆண்டுகளுக்குள் படித்தவையாக இருக்க வேண்டும் என்று பல நர்சிங் பள்ளிகள் விதி வைத்திருக்கின்றன. மதிப்பெண் பட்டியலை மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிப் பணம் செலவழித்த பிறகு இந்த விதி தெரிய வந்தால் எரிச்சலாக இருக்கும்.

பணத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது, இதைப் பலர் தாமதமாகவே அறிகிறார்கள். கூட்டாட்சி அரசின் பெல் உதவித்தொகை முதல் இளநிலைப் பட்டத்துக்கு மட்டுமே உரியது. வெளிநாட்டில் பெற்ற பட்டமும் பட்டம்தான் என்பதால் உங்களுக்கு அது கிடைக்காது. கிரீன் கார்டு இருப்பதால் கூட்டாட்சிக் கல்விக் கடன் வாங்கலாம், ஆனால் அது கடன். இந்த ஒரு காரணத்தாலேயே தனியார் விரைவுப் படிப்பை நான் உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். தகுதிப் பாடங்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, வீட்டுப் பொறுப்பு இல்லாமல், பாஸ்டனிலேயே தங்கிப் படிப்பவர்களுக்கு அது பொருந்தும்.

ஒப்புதல், அங்கீகாரம் ஆகிய இரண்டு சொற்களையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மாநில வாரியம் ஒப்புதல் அளித்த பள்ளியில் படித்தால்தான் உரிமத் தேர்வு எழுத முடியும். ஏ.சி.இ.என்., சி.சி.என்.இ. போன்ற, நர்சிங் கல்வியின் தரத்தைச் சோதிக்கும் அமைப்புகள் தரும் அங்கீகாரம் வேறு. அது இல்லாவிட்டாலும் தேர்வு எழுதிவிடலாம், ஆனால் மேற்படிப்புக்குச் செல்லும்போதும் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் விண்ணப்பிக்கும்போதும் கதவு மூடிக்கொள்ளும். என்னுடன் வேலை பார்க்கும் ஒருவர் வேறொரு மாநிலத்தில், விளம்பரம் அதிகமாகச் செய்யும் ஒரு பள்ளியில் படித்து ஆர்.என். ஆனார், பி.எஸ்.என். சேரும்போது அவருடைய கிரெடிட்டுகளில் பாதியைக்கூட யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. நீங்கள் பார்க்கும் மூன்று அரசு நிறுவனங்களில் இந்தச் சிக்கல் இல்லை.

தேர்ச்சி விகிதத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பள்ளியில் 60 பேர் சேர்ந்து, வழியில் 25 பேர் கழன்றுவிட்டு, மீதி 35 பேர் தேர்வெழுதி 33 பேர் தேறினால் விளம்பரத்தில் 94 விழுக்காடு என்றுதான் போடுவார்கள். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்ற கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும் பள்ளியை நம்பலாம்.

பி.எஸ்.என். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு பட்டக்காரர்களும் எழுதுவது ஒரே தேர்வு, பெறுவது ஒரே உரிமம். ஆர்.என். ஆன பிறகு மருத்துவமனையின் கல்வி உதவியோடு அதை முடிக்கலாம் என்பதுதான் என் கணக்கு.


பதில் 2: எல்லைக்கோடு

மேலே எழுதியவர் பள்ளியைப் பற்றிச் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஓர் இடத்தில் மட்டும் வேறுபடுகிறேன். கணவருக்குப் பாஸ்டன் பக்கம் மாற்றம் வரலாம் என்றால், அங்கே உள்ள பெரிய கற்பித்தல் மருத்துவமனைகள் புதிதாகத் தேறியவர்களில் பி.எஸ்.என். பெற்றவர்களையே விரும்பி எடுக்கின்றன என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். அசோசியேட் பட்டத்தோடு சென்றால் முதியோர் இல்லத்திலோ சிறிய மருத்துவமனையிலோ ஓரிரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத்தான் அந்தக் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். தகுதிப் பாடங்களும் காத்திருப்பும் சேர்ந்து இரண்டாண்டு மூன்றரை ஆகும் என்றால், ரோட் ஐலண்ட் கல்லூரியின் நான்காண்டுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி ஆறு மாதந்தான். பொதுப் பாடங்களை உங்கள் பழைய பட்டத்திலிருந்து கழித்துக்கொள்ள இசைந்தால் அதுவும் குறையலாம். இரண்டு இடங்களிலும் எழுத்துப்பூர்வமான மதிப்பீட்டை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிராவிடன்சில் பழைய மின்நிலையக் கட்டடத்தில் 2017ல் திறக்கப்பட்ட நர்சிங் கல்வி மையத்தை ரோட் ஐலண்ட் கல்லூரியும் பல்கலைக்கழகமும் சேர்ந்தே பயன்படுத்துகின்றன. ஆகவே மேல் வகுப்புகளுக்காகப் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் உள்ள கிங்ஸ்டன் வரை போக வேண்டியிருக்குமோ என்ற கவலையும் பெரும்பாலும் தேவையில்லை.

உங்கள் முதன்மையான கேள்விக்கு வருகிறேன். "சின்ன மாநிலத்து லைசென்ஸ் எடுபடாது" என்பது பழைய பேச்சு, ஆனால் காரணமில்லாத பேச்சன்று. உரிமத் தேர்வான என்கிளெக்ஸ் நாடு முழுவதற்கும் ஒன்றே. அதில் சிறிய மாநிலம், பெரிய மாநிலம் என்ற பேதமே கிடையாது. பேதம் இருந்தது ஒப்பந்தத்தில். ஓர் உறுப்பு மாநிலத்தின் உரிமத்தோடு மற்ற உறுப்பு மாநிலங்களிலும் வேலை செய்ய வழிசெய்யும், நர்ஸ் லைசென்சர் காம்பாக்ட் எனப்படும் மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தத்தில் ரோட் ஐலண்ட் 2008ல் சேர்ந்தது; 2018ல் அந்த ஒப்பந்தம் புதிய வடிவம் பெற்றபோது அதற்கு மாறாமல் வெளியே நின்றுவிட்டது. ஒரே இரவில் எங்களைப் போன்றவர்களின் பன்மாநில உரிமம் ஒற்றை மாநில உரிமமாகச் சுருங்கியது. வீட்டிலிருந்து பதினைந்து நிமிடம் காரில் சென்றால் மாசசூசெட்ஸ், மேற்கே போனால் கனெக்டிகட். இரண்டும் அப்போது ஒப்பந்தத்திலேயே இல்லை, அங்கே வேலை செய்ய வேண்டுமானால் தனித்தனி உரிமம், தனித்தனிக் கட்டணம், தனித்தனிப் புதுப்பித்தல். உங்களுக்கு அறிவுரை சொன்னவர் அந்தக் காலத்தில் அவதிப்பட்டவராக இருக்கலாம்.

நிலைமை மாறிவிட்டது. 2023ல் புதிய சட்டம் நிறைவேறி, 2024 ஜனவரி 1 முதல் ரோட் ஐலண்ட் மீண்டும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. இன்று 40க்கும் மேற்பட்ட மாநிலங்களும் ஆட்சிப்பகுதிகளும் அதில் உள்ளன. வட கரோலினாவும் உண்டு. கனெக்டிகட் 2024ல் சட்டம் இயற்றி 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. மாசசூசெட்ஸில் 2024 நவம்பரில் சட்டம் கையெழுத்தானது. கையெழுத்துக்கும் நடைமுறைக்கும் இடையே கனெக்டிகட்டில்போல மாதக்கணக்கில் இடைவெளி விழும் என்பதால், அங்கே வேலைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் அன்றைய நிலையைப் பாருங்கள். நியூயார்க்கும் கலிபோர்னியாவும் ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கின்றன.

இதில் பலருக்குப் புரியாத இடம் ஒன்று உண்டு. பன்மாநில உரிமம் நீங்கள் படித்த மாநிலத்தைப் பார்ப்பதில்லை, நிரந்தரமாகக் குடியிருக்கும் மாநிலத்தைத்தான் பார்க்கிறது. ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு, வருமான வரிப் படிவம் ஆகியவற்றில் எந்த மாநிலம் இருக்கிறதோ அதுதான் உங்கள் மாநிலம். நீங்கள் பாஸ்டனில் படித்திருந்தாலும் வாரிக்கில் குடியிருந்தால் ரோட் ஐலண்ட் சுகாதாரத் துறையின்கீழ் உள்ள செவிலியர் வாரியத்திடம்தான் பன்மாநில உரிமம் கேட்க வேண்டும். ஆகவே உரிமத்துக்காக வெளியூர்ப் பள்ளியைத் தேடுவதில் பொருளே இல்லை. வட கரோலினாவுக்குக் குடிபெயர்ந்தால், பழைய உரிமத்தோடே வேலையைத் தொடங்கலாம், ஆனால் குடிபுகுந்த 60 நாட்களுக்குள் அந்த மாநிலத்தில் விண்ணப்பித்தாக வேண்டும். இந்த 60 நாள் விதி 2024 ஜனவரியில்தான் வந்தது. அதற்கு முன் தெளிவான காலக்கெடு இல்லாததால் பலர் ஆண்டுக்கணக்கில் பழைய உரிமத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

தொலைபேசியில் நோயாளிக்கு ஆலோசனை சொல்லும் வேலைக்குப் போனாலும் இதே கவனம் வேண்டும். நோயாளி எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அங்கேதான் நீங்கள் பணி செய்வதாகச் சட்டம் கொள்ளும். நீங்கள் வாரிக்கில் உங்கள் வீட்டு மேசையில் அமர்ந்திருந்தாலும் அழைத்தவர் நியூயார்க்கில் இருந்தால் நியூயார்க் உரிமம் தேவை.

பன்மாநில உரிமத்துக்குச் சமூகப் பாதுகாப்பு எண்ணும், மாநில, கூட்டாட்சி அளவிலான கைரேகைச் சோதனையும் கட்டாயம். என் பழைய உரிமத்தைப் பன்மாநில உரிமமாக மாற்ற விண்ணப்பித்தபோது, கைரேகை தெளிவாக இல்லை என்று ஒருமுறை திரும்பி வந்தது. இருபது ஆண்டுகளாக ஒரு ஷிப்டுக்கு ஐம்பது முறை கிருமிநாசினி போட்டுக் கழுவிய கைகள், ரேகை எங்கே இருக்கும்! இரண்டாம் முறை செல்வதற்கு முன் ஒரு வாரம் இரவில் வாசலின் தடவிக் கையுறை போட்டுத் தூங்கினேன். அந்த முறை பதிவாகிவிட்டது.


பதில் 3: முதலெழுத்து

உங்கள் நாத்தனாரைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் நானும் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் படித்துவிட்டு வந்து 2024ல் இங்கே உரிமம் பெற்றவள்.

மீண்டும் படிக்க வேண்டியதில்லை, ஆனால் படித்ததை மெய்ப்பிக்க வேண்டும். சி.ஜி.எஃப்.என்.எஸ். என்று நெடுங்காலம் அறியப்பட்டு, 2025ல் ட்ரூமெரிட் என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம்தான் பெரும்பாலும் இந்த மதிப்பீட்டைச் செய்கிறது. கல்லூரி, மதிப்பெண் பட்டியலையும் ஒவ்வொரு பிரிவிலும் செய்த கிளினிக்கல் மணிக் கணக்கையும் நேரடியாக அனுப்ப வேண்டும். சென்னையில் உள்ள தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம், பதிவுச் சான்றை நேரடியாக அனுப்ப வேண்டும். நம் கையால் அனுப்பும் நகல் எதுவும் செல்லாது. இங்கே வந்துவிட்டு, ஊரில் இருக்கும் அப்பாவைக் கல்லூரி அலுவலகத்துக்கு நடக்கவிடுவது கொடுமை. ஐந்து முறை நடக்கவிட்டுப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். நாத்தனார் இன்னும் ஊரில்தான் இருக்கிறார் என்றால், விமானம் ஏறுவதற்கு முன்பே படிவங்களைக் கொடுத்து, அனுப்பப்பட்டதற்கான அஞ்சல் எண்ணையும் கையில் வாங்கிவிடச் சொல்லுங்கள். ஆங்கில வழியில் படித்திருந்தாலும், தாய்மொழி ஆங்கிலம் அல்லாதவர்கள் ஆங்கிலத் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்பது பன்மாநில உரிமத்தின் விதி.

இவை எல்லாவற்றையும்விட என்னை அலைக்கழித்தது என் பெயர். சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஒரு முதலெழுத்து. கடவுச்சீட்டில் அந்த எழுத்து விரிந்து அப்பா பெயராகிக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. திருமணத்துக்குப் பிறகு எடுத்த இன்னோர் ஆவணத்தில் கணவர் பெயர். அமெரிக்கக் கணினிக்கு நான் மூன்று பெண்கள். தேர்வு அனுமதிக் கடிதத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் தேர்வறைக்குள் விடமாட்டார்கள், கட்டிய 200 டாலரும் போய்விடும். ஆகவே கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா விண்ணப்பங்களையும் நிரப்பி, பழைய பெயர்களுக்கு ஓர் உறுதிமொழிப் பத்திரத்தையும் இணைத்துவிடுவது நல்லது. வாரிக்வாசி அவர்களே, உங்கள் கிரீன் கார்டிலும் இப்படி ஏதாவது கலைந்திருந்தால் பள்ளியில் சேர்வதற்கு முன்பே சரி செய்துவிடுங்கள். பிறகு பள்ளி, வாரியம், தேர்வு நிறுவனம் என்று மூன்று இடங்களில் திருத்த வேண்டிவரும்.

என்கிளெக்ஸ் தேர்வைச் சென்னையிலும் எழுதலாம், அயல்நாட்டு மையத்துக்காகக் கூடுதலாக 150 டாலர் கட்ட வேண்டும். 2023 ஏப்ரல் முதல் தேர்வின் வடிவம் மாறியிருக்கிறது: குறைந்தது 85 கேள்விகள், அதிகம் 150, நேரம் ஐந்து மணி. ஒரே நோயாளியைப் பற்றி ஆறு கேள்விகள் தொடர்ந்து வரும் பகுதிகள் குறைந்தது மூன்று கட்டாயம் உண்டு. நம் ஊர்த் தேர்வுபோல மனப்பாடம் உதவாது. நான்கு விடைகளும் சரியாகவே தெரியும், முதலில் எதைச் செய்வாய் என்பதுதான் கேள்வி. எனக்கு 85ஆம் கேள்வியோடு திரை நின்றுபோனது. தேறிவிட்டேனா, அடியோடு தோற்றுவிட்டேனா என்று தெரியாமல் வாகன நிறுத்துமிடத்தில் அரை மணி நேரம் காரைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தேன். தவறினால் 45 நாட்கள் கழித்து மீண்டும் எழுதலாம்.

ஒரு கசப்பான செய்தியையும் சொல்லிவிட வேண்டும். எச்-4 விசாவில் வருபவருக்குக் கணவரின் கிரீன் கார்டு நடைமுறை குறிப்பிட்ட கட்டத்தை எட்டி, வேலை அனுமதி கிடைத்தால்தான் சமூகப் பாதுகாப்பு எண் கிடைக்கும். அதுவரை தேர்வில் தேறியிருந்தாலும் வேலைக்குப் போக முடியாது, பன்மாநில உரிமமும் கைக்கு வராது. அந்தக் காலத்தை மதிப்பீட்டுக்கும் ஆங்கிலத் தேர்வுக்கும் என்கிளெக்ஸ் தயாரிப்புக்கும் வைத்துக்கொள்ளட்டும். ஊரில் வேலையை விட்டு வரும் முன், பணி அனுபவச் சான்றைத் துறை, படுக்கை எண்ணிக்கை, பணி நாட்கள் ஆகியவற்றோடு வாங்கிக்கொள்வதும் நல்லது.


வாரிக்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெயரைப் பற்றிப் படித்தவுடன் எழுந்து போய்க் கிரீன் கார்டை எடுத்துப் பார்த்தேன். என் அப்பாவின் பெயர் முதற்பெயர்க் கட்டத்தில் இருக்கிறது. நாளைக்கே அந்த வேலையைத் தொடங்குகிறேன். சி.சி.ஆர்.ஐ., ரோட் ஐலண்ட் கல்லூரி இரண்டிலும் எழுத்துப்பூர்வமாக மதிப்பீடு கேட்டுவிட்டு முடிவெடுப்பதாக உள்ளேன், பாஸ்டன் கைவிடப்பட்டது. இன்னொன்று மட்டும் கேட்கிறேன். இடையில் சி.என்.ஏ. எனப்படும் செவிலியர் உதவியாளர் பயிற்சி எடுத்துச் சில மாதங்கள் வேலை பார்ப்பது பயனுள்ளதா, அல்லது அந்த நேரத்தையும் தகுதிப் பாடங்களுக்கே செலவிடலாமா?


பதில்: இரவுப்பணி

எடுங்கள். படிப்பில் சேர்வதற்காக என்பதைவிட, இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பதைக் குறைந்த செலவில் தெரிந்துகொள்வதற்காக. நுண்ணுயிரியல் படித்தவருக்குப் பாடம் கடினமாக இராது. ஆனால், முன்பின் தெரியாத ஒரு முதியவரின் படுக்கையை அவரைப் புரட்டியபடியே மாற்றி, அவர் கூச்சப்படாதவாறு உடம்பைத் துடைத்து, அதற்குள் அடுத்த அறையின் மணி அடித்தால் முகம் சுளிக்காமல் போவது என்பது வேறு படிப்பு. நர்சிங் பள்ளியில் ஒரு பருவம் கட்டணம் கட்டிய பிறகு அது முடியாது என்று தெரிந்துகொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த மாநிலத்தில் சி.என்.ஏ.வுக்கும் சுகாதாரத் துறையே உரிமம் தருகிறது, ஆகவே விண்ணப்பம், கைரேகை போன்ற நடைமுறைகளும் ஒருமுறை பழகிவிடும். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் போதும். எல்லைக்கோடு சொன்ன பாஸ்டன் வாதத்தை யோசித்துப் பார்த்தேன், உங்கள் நிலையில் அதில் நியாயம் இருக்கிறது. இரண்டு மதிப்பீடுகளும் வந்தவுடன் இங்கேயே எழுதுங்கள், சேர்ந்து கணக்குப் போடலாம்.

அதற்குள் உடற்கூறியல் மாலை வகுப்பில் இடம் பிடித்துவிடுங்கள், அதுதான் முதலில் நிரம்பும். இரண்டு பள்ளிகளில் எதை எடுத்தாலும் அந்தப் பாடம் தேவைப்படும். 206 எலும்புகளின் பெயர்களையும் சிறு அட்டைகளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். என் மகன் ஏழு வயதில் மணிக்கட்டின் எட்டு எலும்புகளையும் என்னைவிட வேகமாகச் சொல்வான். தேர்வுக்கு முதல் நாள் இரவு என்னைக் கேள்வி கேட்டதும் அவன்தான்.